பக்கத்துக் கடைக்கு வழி சொன்ன மருத்துவர்

விழாவுக்குத் தலைமை தாங்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, என் தராசு தாழ்ந்தால் தட்டிக்கேட்கும் பெரியோர்களே, பெற்ற வலியைப் பேசாமல் வாழும் தாய்மார்களே, பாராட்டு வேண்டாமென்று மறுத்தும் எங்களிடம் தோற்றுப்போன டாக்டரம்மா அவர்களே, வணங்குகிறேன்.

புகழ எனக்கு வராது. பொருளைப் பார்த்து மதிப்புச் சொல்லத்தான் வரும்.

என் மகளுக்கு முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. இரண்டாவது தங்கியதும் வீடே பூரித்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"பழைய ஆபரேஷன் தழும்புலயே கரு ஒட்டியிருக்கும்மா. அந்த இடம் ரொம்ப மெலிசு. வளரவிட்டா கர்ப்பப்பை கிழிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். எடுத்துடறதுதான் நல்லது."

இடி விழுந்தால் என்ன செய்வோம்? ஆளாளுக்குப் பேசுவோம்! சம்பந்தியம்மா, "கத்தியே வேண்டாம், ஊசி போடுங்க" என்றார். மாப்பிள்ளை, "சீக்கிரம் முடியறது எது?" என்றார். நான், "இருக்கறதுல உசத்தி எதுவோ அதைக் குடுங்கம்மா" என்றேன். சிரியுங்கள், கடைக்காரன் புத்தி!

டாக்டரம்மா நாற்காலியை மகள் பக்கம் திருப்பினார். "நீ சொல்லும்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்ல ஒருத்தி இருக்கா டாக்டர். அவளுக்கு அம்மா வேணும். பின்னாடி இன்னொண்ணு பெத்துக்கற ஆசையும் இருக்கு. ரெண்டுக்கும் தோதா எது?"

அவர் விளக்கினார். ஊசி போட்டால் கரைய வாரக்கணக்காகும். நடுவில் உதிரம் கொட்டலாம். உறிஞ்சி எடுப்பது சீக்கிரம்; மெலிந்த தழும்பில் அதற்கும் அந்தப் பயம் உண்டு. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவை எடுத்து, தழும்பையும் புதிதாய்த் தைப்பது மூன்றாவது வழி. அது பெரிய ஆபரேஷன்தான், ஆனால் அவள் ஆசைக்குப் பொருந்தும்.

"அதை நீங்க நிறைய பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டாள் மகள்.

"இல்லம்மா. பெரிய ரோட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்குத்தான் அதுல கை தேர்ந்திருக்கு. அங்க போ. நானும் கூட வர்றேன்."

அன்பர்களே, கேட்ட சரக்கு இல்லையென்றால் இருக்கும் சரக்கைத் தலையில் கட்டுகிற கூட்டம் நாம். இல்லையென்று சொல்லாதீர்கள், உங்களில் பாதிப்பேர் என் தலையிலேயே கட்டியவர்கள்! வந்தவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பியதுண்டா? அனுப்பினாலும் கூடவே நடந்ததுண்டா?

சம்பந்தியம்மா தயங்கினார். "தெரிஞ்ச டாக்டரை விட்டுட்டா?"

"அத்தை, தெரிஞ்சவங்களே என் கைக்கு வராதுன்னு சொல்றாங்க. நம்பறதுக்கு இதைவிட என்ன வேணும்? அங்கயே பண்ணிக்கிறேன்."

படித்தவர் நேர்மை பெரிதா, படுத்தவள் துணிவு பெரிதா? எடைபோட்டுப் பார்த்தேன்; முள் நடுவிலேயே நின்றது!

ஆபரேஷன் முடியும்வரை டாக்டரம்மா அங்கிருந்து நகரவில்லை. மகள் பிழைத்தாள், கர்ப்பப்பையும் பிழைத்தது. இழந்த கருவுக்காக அவள் அழுதாள், யாரும் தடுக்கவில்லை. தேறியபின் நான் மெல்லக் கேட்டேன்: "அடுத்த பிள்ளை எப்பம்மா?"

"அதையும் என்னையே கேப்பாங்கப்பா டாக்டர். நீங்க கடையப் பாருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், தாய்மார்களே! உங்கள் உடம்பைப் பற்றிய பேச்சில் உங்கள் குரல் முதலில் ஒலிக்கட்டும். ஒலிக்க வைத்த டாக்டரம்மாவுக்கு என் குடும்பத்தின் நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.