கடற்படைக் கிடங்கிலிருந்து வந்த கங்கைச் செம்பு

பெயர் செம்மலை, வயது 51, த/பெ மாயக்கண்ணன், காரைக்குடி செஞ்சை. பழைய சாமான் வியாபாரம். நகை வேலை செய்யும் பத்தர் அரசப்பன் தமது பட்டறையில் இறந்தது தொடர்பாக ஆய்வாளர் விசாரித்தபோது கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். செட்டியார் வீடுகளை இடிக்கும்போது வரும் தூண், கதவு, பித்தளைச் சாமான்களை வாங்கி விற்கிறேன். இடிக்க வீடு குறைந்துவிட்டதால் இப்போது கப்பல் சாமானும் எடுக்கிறேன். மேற்குக் கடற்கரையில் வெள்ளைக்காரன் காலத்துக் கடற்படைத் துறைமுகம் ஒன்று கண்டெய்னர் துறைமுகமாகிவிட்டது. லாரி நிறுத்த இடம் போதாமல் அங்கே பழைய கிடங்குகளை இடித்து வருகிறார்கள். காண்டிராக்டர் முத்துராமலிங்கம் கூப்பிட்டதன் பேரில் சென்ற மாசி மாதம் நேரில் போனேன். போர்க்கப்பல் நின்ற துறையில் கார்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற கிடங்குகளை விட்டுத் தள்ளி, சன்னலே இல்லாமல், கோட்டைச் சுவர் கனத்தில் ஓர் அறை தனியாக இருந்தது. கதவில் சிவப்பு எழுத்தின் மேல் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "பழைய நேவி ரூமு, அம்புட்டுத்தான். வெரசா ஏத்துங்க, கிரேன் வருது" என்றார் முத்துராமலிங்கம். எனக்கும் அவசரம், மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த அறையிலிருந்து வந்த பெட்டியில் கைக்கு அடக்கமான செம்புகள் நான்கு இருந்தன. வாய் ஈயம் வைத்து அடைத்திருந்தது. ஆட்டினால் உள்ளே தளும்பியது. எங்கள் பக்கத்தில் யாரிடம் காட்டினாலும் கங்கைச் செம்பு என்றுதான் சொல்வார்கள். காசிக்குப் போனவர்கள் இப்படித்தான் கொண்டுவந்து சாமி அறையில் வைப்பார்கள், உயிர் போகும் நேரத்தில் திறந்து வாயில் விடுவார்கள். கடற்படைக்காரன் எவனோ ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்தான் என்று நினைத்தேன். ஒருவனுக்கு நாலு செம்பு எதற்கு என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. தெரிந்தே விற்றேன் என்று யார் சொன்னாலும் அது பொய். பொட்டு வைத்துத்தான் அலமாரியில் வைத்தேன்.

அதன் பிறகு சென்ற வெள்ளிக்கிழமை சத்தியமூர்த்தி செட்டியார் கடைக்கு வந்தார். தகப்பனார் சாகக் கிடப்பதாகவும், வீட்டுச் செம்பு பாகப்பிரிவினையில் தம்பியோடு சென்னைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரை எதிரில் உள்ள அரசப்பன் பட்டறைக்கு அழைத்துப் போனேன். அரசப்பனும் நானும் தினமும் சேர்ந்து டீ குடிப்பவர்கள். அவர் செம்பைக் கையில் வாங்கி, "என்னண்ணே, தண்ணி இம்புட்டுக் கனமா இருக்கு" என்றார். செட்டியார், "அப்பச்சிக்கு மூச்சு இழுக்குது, சீக்கிரம் தெறந்து தாரீகளா" என்றார். "கங்கைத் தண்ணி கனமாத்தான் இருக்கும், தெறங்க" என்று சொன்னது நான்தான். அதன் பிறகு செட்டியார் போன் பேச வெளியே போனார், நான் டீ சொல்லப் போனேன், அரசப்பன் ஈயத்தை உருக்க கேஸ் தீயைப் பற்றவைத்தார்.

சத்தம் எப்படி இருந்தது என்று ஆய்வாளர் கேட்டார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. கண் தெரிந்தபோது பட்டறைக் கூரை ரோட்டில் கிடந்தது. அரசப்பனின் மூக்குக் கண்ணாடி உடையாமல் என் கடை வாசலில் இருந்தது. அதைத் தொட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. உள்ளே தளும்பியது தண்ணீர் அல்ல, வெடிமருந்து என்று ஆய்வாளர் சொல்லித்தான் தெரியும். செட்டியாரின் தகப்பனார் அன்று மாலை குழாய்த் தண்ணீர் குடித்துப் போய்ச் சேர்ந்தார்.

மீதி மூன்றில் ஒன்றைப் போலீசார் கடையிலிருந்து மணல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனார்கள். இரண்டைப் பங்குனியில் விற்றுவிட்டேன். வாங்கியவர்கள் கணவன் மனைவி, காரில் வந்தார்கள், இளையாத்தங்குடி கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். பெயர் கேட்கவில்லை. "மாமனாருக்கு ஒன்னு, எங்க ஆத்தாவுக்கு ஒன்னு" என்று அந்த ஆச்சி சொன்னது நினைவிருக்கிறது.

பேப்பரில் போடப் போவதாக ஆய்வாளர் சொல்கிறார். போடட்டும். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் யாரும் பேப்பர் படிப்பதில்லை. ஈயத்தை உருக்கப் பத்தர்தான் வேண்டும் என்பதும் இல்லை, கேஸ் அடுப்பு போதும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைத் திறக்கிற நேரத்தில் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் அந்த வீட்டில்தான் இருப்பார்கள்.

எழுதியதை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) செம்மலை