என் குரல்தான் அவளுக்கு அடையாளம்

1981ஆம் வருடம் மார்ச் மாதம் 24ஆம் தேதி பகலில், வத்தலக்குண்டு அரசு ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் காயம்பட்டவரை நேரில் விசாரித்துப் பதிவு செய்த வாக்குமூலம்.

என் பெயர் வேலப்பன். தகப்பனார் காலஞ்சென்ற முத்தாண்டி. வயது எழுபது இருக்கும். மதுரை மாவட்டம், கொடைக்கானல் தாலுகா, பண்ணைக்காட்டுக்கு மேற்கே தோட்டத்துக்குள் தனிவீட்டில் குடியிருந்து காப்பி, மிளகு, வாழை விவசாயம் செய்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கும் என் மனைவி குப்பம்மாளுக்கும் பிள்ளைகள் இல்லை.

போன ஐப்பசி மழையில், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாங்கள் வந்த ஜீப் வளைவில் சரிந்து என் மனைவிக்குப் பின்மண்டையில் பலத்த அடிபட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நினைவு தெளிந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரரைக் காணோமே" என்றாள். "ஏ குப்பு, நாந்தான்" என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூளைக்குள் பேச்சுக்கு ஓரிடம், கைகால் அசைக்க ஓரிடம், பார்த்ததை விளங்கிக்கொள்ளப் பின்பக்கம் ஓரிடம் என்று தனித்தனியாக உண்டென்றும், முகம் பார்த்து ஆளை அறிகிற இடத்தில் இவளுக்கு அடி என்றும், குரல் கேட்டு அறிகிற இடம் பழுதாகவில்லை என்றும் சொன்னார். "கண்ணு நல்லாருக்கு பெரியவரே. மூக்கு தெரியும், மீசை தெரியும். ஆனா அது யாரோட முகம்னு தெரியாது. இது பைத்தியமில்லை" என்றார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தோம். சமையலும் காப்பிப் பழம் பறிப்பும் முன்போலவே செய்தாள். எந்த மரத்தில் மிளகுக்கொடி பட்டுப்போயிற்று என்று எனக்கு முன்னால் சொல்வாள். கண்ணாடியைப் பார்த்து ஒருநாள், "யாரு இந்தக் கெழவி, பாவம்" என்றவள், மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் படலைத் திறக்கும்போதே குரல் கொடுத்துக்கொண்டு போவேன். பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து, "மாமாவுக்கென்ன, தெனமும் புது மாப்பிள்ளை" என்று கேலி செய்வார். ராத்திரிச் சாப்பாட்டில் நான் பேச்சை நிறுத்தினால், "பேசிக்கிட்டே இருங்க, வேற யாரோ ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்பாள். நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. சொல்ல ஒன்றுமில்லாதபோது தோட்டத்து மரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு சாப்பிடுவேன்.

அவளுக்குக் குணமாக வேண்டி, பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் முடியிறக்கி, புறப்பட்டதிலிருந்து திரும்பி வீட்டில் விளக்கேற்றும்வரை வாய்ப்பூட்டாக இருப்பதாக நேர்ந்துகொண்டேன். வாய்ப்பூட்டு என்பது வாயில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருப்பது. நாச்சிமுத்து மனைவி வேலுத்தாய் அவளுக்குத் துணையிருந்து, நான் வரும்போது "மாமா வந்துட்டாக" என்று சொல்வதாக ஏற்பாடு. உத்திரம் கழித்து மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனேன். ஆனால் அத்தனை கூட்டத்தில் பேசாமல் நிற்க மனசு கொள்ளாமல், தரிசனம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது பனி மூடிக் கிடந்தது. வேலுத்தாய் சந்தைக்குப் போயிருந்தாள். என் மனைவி களத்தில் காப்பிக்கொட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். மீசையும் இல்லாத மொட்டைத் தலையோடு, வாயைக் கட்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "யாருய்யா அது?" என்று இரண்டு தரம் கேட்டாள். நான் கையைக் காட்டிவிட்டு, விளக்கேற்றிவிட்டால் பேசிவிடலாம் என்று நேராக வீட்டுக்குள் போனேன். அவள் பின்னாலேயே வந்து, "எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம், வெட்டிப்போடுவாரு, போயிரு" என்றாள். நான் தீக்குச்சியைக் கிழித்தேன். அப்போது கதவோரம் செருகியிருந்த, செடி கழிக்கிற கவாத்துக் கத்தியை எடுத்து என் இடது தோளில் வெட்டினாள். "குப்பு" என்று கத்திவிட்டேன். உடனே கத்தியைப் போட்டுவிட்டு, வாசலுக்கு ஓடி, பனிக்குள் பார்த்து, "ஏங்க, வெரசா வாங்க, ஒருத்தனை வெட்டிப்புட்டேன்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அதன் பிறகு நாச்சிமுத்து சத்தம் கேட்டு வந்து, என்னை ஜீப்பில் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பயந்துபோய் போலீசில் புகார் கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. என் மனைவிக்குச் சித்தப்பிரமை என்று நான் சொன்னால், ஜெயிலில் போடாமல் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று போலீசில் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அங்கே அவளுக்கு எல்லா முகமும் அந்நியம், தெரிந்த குரலும் இருக்காது.

நேற்று பெண் போலீஸ் அவளை இங்கே அழைத்து வந்தார். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே என்னையும் பார்த்துவிட்டுக் கடந்து போனாள். நான் உடனே கூப்பிடவில்லை. அவள் கடைசிக் கட்டில்வரை போனபின் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். கண்ணை மூடினால்தான் நான் பக்கத்தில் இருக்கிறேனாம். வெட்டுப்பட்டது நான்தான் என்று ஸ்டேஷனில் சொன்னதை அவள் நம்பவில்லை. "அந்த ஆளு பொழச்சுக்கிட்டானா?" என்று கேட்டாள்.

"பொழச்சுக்கிட்டான். ஒம்மேல கோவமில்லன்னு சொல்லிட்டான்" என்றேன்.

அவன் சொன்னதையேதான் இங்கேயும் சொல்கிறேன். எனக்குப் புகார் இல்லை. அவளை என்னோடு வீட்டுக்கு அனுப்பவேண்டும்.

ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை, நடந்தது இதுதான்.

(இடது தோளில் கட்டு இருப்பதால் வலது பெருவிரல் ரேகை)
வேலப்பன்