உடைய வேண்டிய நான்கு போல்ட்டுகள்

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது ஐம்பத்திரண்டு. தொழில், போல்ட்டு, நட்டு, வாஷர் மொத்த வியாபாரம். தள்ளுவண்டியில் தொடங்கி இன்று மூன்று கடை வைத்திருக்கிறேன். கடைத்தெருவில் ‘போல்ட்டுக்காரர்’ என்றால்தான் என்னைத் தெரியும். யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் ஒரே மகள் பள்ளி ரோபோ அணியின் தலைவி. சனிக்கிழமை உள்விளையாட்டு அரங்கில் நடந்த போட்டிக்குப் போயிருந்தேன். அந்த ஆட்டத்தில் ரோபோக்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளலாம், தடை இல்லை. காலை ஆட்டத்தில் எதிரணி இடித்ததும் எங்கள் ரோபோவின் முன்கை கழன்று விழுந்தது. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், "போல்ட்டுக்காரர் வீட்டு ரோபோவே கழண்டு விழுது, இவர் சரக்கை நம்பி நாம கதவு மாட்டியிருக்கோம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு மகளிடம் போய், இரும்பு போல்ட்டு போடச் சொன்னேன். முன்கையைப் பிடித்திருந்தவை நான்கு வெள்ளை நைலான் போல்ட்டுகள். "பலமா இடிச்சா அது உடையணும்ப்பா. கை கழண்டு விழுந்துட்டா யாருக்கும் சேதமில்ல. உடையறதுதான் அதோட வேலை" என்றாள். "உடையறதுக்குன்னு எவனாவது போல்ட்டு போடுவானாம்மா?" என்றேன். "நீங்க கடையைப் பாருங்கப்பா, இதை நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆகவே காரணம் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அதன் பிறகு அணியினர் சாப்பிடப் போனபோது ரோபோவுக்குக் காவலாக என்னை உட்கார வைத்தார்கள். பரிசோதகர் ஏற்கெனவே பார்த்து, இனி எதையும் மாற்றக் கூடாது என்று ஒட்டுச்சீட்டு ஒட்டியிருந்தார். காரிலிருந்த மாதிரிப் பெட்டியிலிருந்து அதே அளவில் நான்கு எஃகு போல்ட்டுகளை எடுத்து வந்து மாற்றினேன். தலைகள் பளபளத்ததால், மதிப்பெண் எழுதும் மேசையிலிருந்த, எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மையைத் தடவி, ஊதிக் காய வைத்தேன். ஐந்து நிமிட வேலை.

அதன் பிறகு அரையிறுதி. எதிரணி ரோபோ முழு வேகத்தில் வந்து இடித்தது. முன்கை கழலவில்லை. முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கை எதிர் ரோபோவின் தகட்டைக் கிழித்து பேட்டரிக்குள் இறங்கி, இரண்டும் பிரிக்க முடியாமல் மாட்டிக்கொண்டன. புகை வந்தது. எதிரணி ரோபோவை ஓட்டிய மாணவி தடுப்பைத் தாண்டி ஓடி சுவிட்சை அணைக்கக் குனிந்தபோது, பாதுகாப்புக் கண்ணாடி நழுவியது, பேட்டரி தீயாகச் சீறியது. அவள் அம்மா என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினார். மாணவியின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. இடக்கண்ணில் பார்வை இருக்கிறதா என்று வியாழக்கிழமை கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார் மருத்துவர்.

அதன் பிறகு நடுவர்கள் விசாரித்தபோது, "போல்ட்டு நான்தான் முடுக்கினேன், கணக்கு தப்பாயிடுச்சு" என்று என் மகள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் இரண்டடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை காவல் நிலையத்துக்கு விசாரணைக்காக அவளைக் கூப்பிட்டிருந்ததால் சீருடையிலேயே கிளம்பி நின்று, "நாலுல ஒண்ணாவது உடைஞ்சிருக்கணுமேப்பா. நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். "சரக்கு அப்படிம்மா" என்றேன். சொன்ன பிறகு கார் ஓட்ட முடியாமல் அவளோடு நடந்தே வந்தேன்.

கழற்றிய நைலான் போல்ட்டுகள் நான்கையும் ஒப்படைத்துவிட்டேன். வக்கீல் வைத்துச் சமாளிக்கத் தெரியாதவன் அல்ல நான். வழக்கை நினைத்தும் கடைப் பேரை நினைத்தும் பயம் இருக்கிறது, இல்லை என்றால் பொய். மகள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது. இதை அவளுக்கு வாசிக்கும்போது நான் வேறு அறையில் இருக்கலாமா என்று கேட்டேன். கூடவே இருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை; அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)