பேசாத போனோடு பேரம்

— கேஸ் சிலிண்டர் வந்துச்சேன்னு ரெண்டே நிமிசம் வாசலுக்குப் போனேன். அதுக்குள்ள நானூத்தம்பது ரூவா நைட்டியத் தொண்ணூறுக்குக் கொண்டு வந்து நிறுத்திட்டீங்களே, ஏனுங்க!

— ஒருத்தருமே பேசல ரஸியா. நான் என்ன பண்ணட்டும்?

— பேசலைன்னா?

— இத்தன வருசமா கொழிஞ்சாம்பாறைச் சந்தைல துணிக்கடை போடறேன். வெல சொன்னப்பறம் பொம்பளைங்க கம்முனு நின்னா, அடுத்த நொடி நடையக் கட்டப் போறாங்கன்னு அர்த்தம். ஒடனே எறக்கணும். நானூறுன்னேன், கம்முனு இருந்தாங்க. முன்னூறுன்னேன், அதுக்கும் கம்முனு இருந்தாங்க. அப்பறம் எனக்கே வாய் நிக்கல புள்ள.

— அது சந்தைங்க. இது போன்ல லைவு. அவங்க ஒவ்வொரு எழுத்தாத் தட்டி அனுப்ப வேண்டாமா?

— தட்டட்டும். அதுவரைக்கும் நான் மரம் மாதிரி நிக்கறதா? அதான், கடைசியா அந்த வித்தையும் பண்ணிப் பாத்தேன்.

— எந்த வித்தை?

— ‘உங்களுக்குக் கட்டாதுக்கா’ன்னு சொல்லி, நைட்டிய மடிச்சு, முதுகக் காட்டி உக்காந்துட்டேன். சந்தைல அப்படி உக்காந்தா பின்னால இருந்து கூப்புடுவாங்க.

— எத்தன நேரம் உக்காந்தீங்க?

— நீ வர்ற வரைக்கும்.

— யா அல்லா! லைவுல இருந்த அத்தன பொம்பளைங்களும் உங்க முதுகையே பாத்துட்டு இருந்திருக்காங்க!

— சாரமில்ல, போகட்டும். நல்ல சட்டைதான போட்டிருந்தேன்?

— அந்தச் சட்டைக்கு மேல என்ன போட்டிருந்தீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?

— அளவு காட்டணுமில்ல? ரோஸ் கலரு, எக்ஸெல் சைஸு. மீசைக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு.

— சிரிக்காதீங்க. தொண்ணூறுன்னு கேட்டதும், ஏதோ ஏமாத்து வேலைன்னு பாதிப் பேரு ஓடியே போயிட்டாங்க. இன்னும் ஒத்த ஆர்டர் வரல. இந்த நாப்பது நைட்டியும் இன்னிக்குப் போகலைன்னா, நாளைக்கு ஒம்பது மணிக்கு எங்க இக்பால் அண்ணன் ஜவுளிக்கடைல நீங்க வேலைக்குச் சேரணும். ‘ஆன்லைன்ல ஒரு தடவ பாக்கறோம், முடியலைன்னா உங்ககிட்டயே வந்துடறேன்’னு அண்ணங்கிட்ட வாக்குக் குடுத்தது நீங்கதான்.

— குடுத்தேன். ஆனா என்ன வேலைன்னு உங்கண்ணன் சொல்லவே இல்லயே?

— எங்கிட்டச் சொல்லுச்சு. வாசல்ல நின்னு கதவத் தொறந்து விட்டு, ‘வாங்க, வணக்கம்’னு குனியற வேலை. சிவப்புக் கோட்டு, தலைப்பாகை எல்லாம் உண்டு. அளவெடுக்க டெய்லருகிட்டயும் சொல்லி வெச்சிருச்சு.

— தலைப்பாகையா? சந்தைல நான் மொதலாளி புள்ள! தார்ப்பாய் ஒண்ணுதான் கடைன்னாலும் அதுக்கு நான் மொதலாளி!

— அந்த மொதலாளிதான் நூத்தெழுவதுக்கு வாங்குனதத் தொண்ணூறுக்கு விக்கறாரு. இருங்க, போன் அடிக்குது. நீங்க முதுகக் காட்டுனப்பறம் லைவுல நம்பரோட கமெண்டு போட்ட செல்வலட்சுமி அக்கா, சூரியநெல்லி. தொண்ணூறுக்கே குடுன்னு கேட்டா என்னங்க சொல்ல?

— சொன்ன வெல சொன்னதுதான். மாத்திப் பேசினா அப்பறம் சந்தைல தலை காட்ட முடியாது.

— சந்தை, சந்தை! ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க வாயத் தொறக்கக்கூடாது. ஹலோ, ரஸியா நைட்டீஸ், நல்லேப்பிள்ளி.

— தங்கச்சி, நான் செல்வலட்சுமி. சூரியநெல்லி எஸ்டேட்டுல இருந்து பேசுதேன். அந்த மீசைக்கார அண்ணாச்சி இருக்காகளா?

— நைட்டி வேணும்னா எங்கிட்டயே சொல்லுங்கக்கா.

— நைட்டி கெடக்கட்டும்மா. ஏ அண்ணாச்சி, நீங்க செஞ்சது நாயமா? எங்க லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்து, கை காலு கூட கழுவாம, ஒத்த போனச் சுத்தி உக்காந்திருக்கோம். நானூத்தம்பதுன்னிய. சரி, நூத்தம்பதுல இருந்து கேப்பமா எரநூறுல இருந்து கேப்பமான்னு எங்களுக்குள்ள கூடிப் பேசுதோம். பேசி முடிக்கதுக்குள்ள நீங்களே கடகடன்னு தொண்ணூறுக்கு எறங்கிட்டியளே!

— நீங்க ஒண்ணுமே பேசலைன்னு அவரு சொன்னாருங்கக்கா...

— இங்க ரேஞ்சு எங்க இருக்கு? மேகம் எறங்குச்சுன்னா நீங்க வாயத் தொறந்த மேனிக்கு அப்பிடியே நிப்பிய. இங்கன கடையில எல்லாம் ஒட்டி வச்ச வெலதான், ஒத்த ரூவா கேக்க முடியாது. வாய் நெறையப் பேரம் பேசி எம்புட்டு நாளாச்சு! உங்களப் பாத்ததும் ஒரு யாவாரி கெடைச்சாருன்னு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?

— அப்ப தொண்ணூறுக்கு வேண்டாங்களா அக்கா?

— தொண்ணூறுக்கு உடுத்திட்டு வெளிய போக முடியுமா தங்கச்சி? எம்புட்டுக் கொறைச்சேன்னு கேப்பாளுவ. நான் கொறைக்கல, அவரா கொறைச்சுக்கிட்டாருன்னு சொன்னா எம் மானம் என்ன ஆவுறது? மொதல்ல இருந்து வாங்க அண்ணாச்சி. நானூத்தம்பதுல ஆரம்பிங்க.

— ரஸியா, இப்பவாச்சும் நான் பேசலாமா?

— பேசித் தொலைங்க.

— நானூத்தம்பதுங்கக்கா! சுத்தமான காட்டன், ஈரோட்டுச் சரக்கு. எத்தன தடவ தொவச்சாலும் சாயம் நிக்கும்.

— சாயம் நிக்கட்டும், துணி நிக்குமா? போன்லயே உங்க சட்டைக் கட்டம் அதுக்குள்ளாற தெரிஞ்சுது. நூத்தம்பது.

— நூத்தம்பதா! அதுக்கு இந்த மீசையத்தான் வழிச்சுத் தரணும். நானூறு.

— மீசை எங்க வீட்டுக்காரருகிட்டயே இருக்கு, அதுக்கே இங்க வேலை இல்ல. எரநூறு.

— முன்னூத்தம்பது. எங்க ஊட்டுக்காரி மொறைக்கறாக்கா.

— மொறைக்கட்டும். எரநூத்தம்பது, அதுக்கு மேல ஒத்தப் பைசா கெடையாது. ஏ சின்னத்தாயி, போன அமத்துடி. வேற கடை பாப்போம்!

— ஐயோ அக்கா, போகாதீங்க! இங்க வாங்க! நீங்க சொன்னதும் வேண்டாம், அவரு சொன்னதும் வேண்டாம். முன்னூறு! கூரியரு எங்க செலவு!

— ரஸியா! நீயா பேசுன?

— நீங்க கம்முனு இருங்க. அக்கா, வாங்கறீங்களா, மடிச்சு வெச்சரட்டுமா?

— அப்பிடிக் கேளு தாயி! இது யாவாரம். முடிச்சாச்சு. எங்க லயத்துக்கும் மேல் லயத்துக்கும் சேத்து அறுவது அனுப்பிரு. வச்சிருதேன்.

— அறுவதா? நம்மகிட்ட நாப்பதுதான புள்ள கெடக்கு! ஈரோட்டுக்கு இனி அடுத்த வாரந்தான் போக முடியும். மிச்சத்துக்கு என்ன பண்ணுவே?

— இருங்க, அதுக்குத்தான் நம்பர் போடறேன். அண்ணே, ரஸியா பேசறேன். ஆமாண்ணே, நாளைக்கு ஒம்பது மணிக்கு டாண்ணு வந்துருவாரு. இல்லண்ணே, டெய்லர வேண்டாம்னு சொல்லிருங்க, உங்க மாப்பிள்ள மொத்தமா இருவது நைட்டி எடுக்க வர்றாரு. அப்பறம் அண்ணே, உங்க கடைக்குள்ள ‘ஒரே விலை’ன்னு போர்டு தொங்குதில்ல? அவரு வர்றதுக்குள்ள அதக் கழட்டி உள்ள வெச்சிருங்க.