ஒதுக்கி வைத்த பாதி

மாட்டுங்காவிலிருந்து ரயிலில் தாணே வரை, அங்கே வண்டி மாறி ஐரோலி. இருபது வருஷமாக இப்படித்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு நாளும் ஸீட்டுக்காக யாரிடமும் வாய்ச்சண்டை போட்டதில்லை. கஸ்தூரிரங்கன் சாருக்குக் கோபமே வராது என்று ஆபீஸில் சொல்வார்கள். விசாரிக்கிற உங்களுக்குத் தமிழ் தெரிந்திருப்பது நல்லதாகப் போயிற்று.

எங்கள் கம்பெனி சாயத்துக்கான ரசாயனம் செய்கிறது. புதுச் சரக்கு ஒன்றுக்கு சூடு, ஆசிட், குளிர்நீர் மூன்றையும் கூட்டியும் குறைத்தும் சோதிக்க வேண்டியிருந்தது. மொத்தம் எட்டுச் சேர்க்கை வரும். எட்டையும் ஓட்ட வேண்டாம், பார்த்துப் பொறுக்கிய பாதி போதும். நான் ஒரு பாதியை எடுத்துக் கொடுத்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்கும் ஜெனிஃபர், தாராவிப் பெண், முதலாளி முன்னால் வைத்தே அதை மறுத்தாள்.

"சார் எடுத்த பாதி வேணாம். அதுல சூடும் ஆசிடும் ஏறும்போது தண்ணி கம்மியா வருது. ரியாக்டர் வெடிச்சிரும். மத்த பாதிய எடுப்போம், அதுல தண்ணியும் கூடவே ஏறிரும்."

"க்யா ரங்கன்ஜி, ரிட்டயர்மென்ட் லேனா ஹை க்யா?" என்றார் முதலாளி, வேலையிலிருந்து ஓய்வு வேண்டுமா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கணினியில் இந்தத் திட்டம் கூட்டல், கழித்தல் குறிகளாக இருக்கும். இயந்திரத்தில் நிற்கிறவனுக்கு அதை ஹை, லோ என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். எந்தக் குறிக்கு எது என்று சொல்லாவிட்டால், மென்பொருள் ஆங்கில அகரவரிசைப்படி ஹையை முதலில் வைத்து, முதல் குறியான கழித்தலுக்கு அதையே கொடுத்துவிடும். ஜெனிஃபர் ஒழுங்காகச் சொல்லியிருந்தாள். குளிர்நீருக்காக அவள் எழுதியிருந்த ஒரே ஒரு வரியை நான் அழித்தேன். குளிர்நீருக்கு மட்டும் ஹையும் லோவும் தலைகீழாயின. அவள் வேண்டாமென்று ஒதுக்கிய பாதி, நான் எடுத்த பாதி, அப்படியே திரும்பி வந்தது. எத்தனை ஹையோ அத்தனை லோ. மேலோட்டமாகச் சரிபார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

ரியாக்டரில் அன்றைக்கு ஜெனிஃபரின் அண்ணன் சாஜனுக்கு ஷிஃப்ட். அதைப் பார்த்துத்தான் நாள் குறித்தேன். காலையில் போன் செய்தான்.

"சார், ரெண்டும் ஹை, தண்ணி மட்டும் லோன்னு வந்திருக்கு. ஓட்டிரலாமா?"

"உன் தங்கை போட்டதுப்பா. அவ தப்பா போடுவாளா?"

"அதுவும் சரிதான் சார்" என்று சிரித்தான். தங்கையைப் பற்றி அவனுக்கு ரொம்பப் பெருமை.

ரியாக்டர் மூடி பிய்த்துக்கொண்டு போயிற்று. சாஜனின் முகத்தை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அந்த வரி இல்லாததை ஜெனிஃபர் அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள். எழுத மறந்துவிட்டதாகவே நம்பினாள்.

"நான்தான் சார் எங்கண்ணன கொன்னுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மனசைத் தேத்திக்கோம்மா. வேணும்னேவா பண்ணினே?" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. அவள் அம்மா லூசியம்மாள் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லையாம்.

நேற்று கம்பெனியின் விசாரணை அறிக்கை வந்தது. அனுபவமில்லாத பெண்ணின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றுதான் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அது கவனக்குறைவு இல்லை. நான் தெரிந்தே செய்தேன். இவ்வளவு கச்சிதமாகச் செய்ய அவளுக்கு இன்னும் பல வருஷம் ஆகும்.