என்னைக் கூப்பிட்டிருக்கலாம்

எனக்கு விடுமுறை என்றால் பிடிக்கும். என் மனைவி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். கட்டிக்கொண்டவளே நம்பாவிட்டால் ஊரையா நம்பச் சொல்வது?

பணப் பரிமாற்ற நிறுவனமொன்றில் நான் மூத்த மென்பொருள் பொறியாளர். நீங்கள் போனைக் காட்டிப் பணம் கட்டும்போது நடுவில் ஓடுவது நான் எழுதிய நிரல். அது நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குளியலறையில், கல்யாண வீட்டில், மாமனாரின் சாவு வீட்டில்கூடக் கையில் போன் இருந்தது. வேறு வேலைக்குப் போகிறேன் என்றால், "நீங்க போயிட்டா இத யாரு பாக்கறது?" என்பார் மேலாளர். எனக்கு மூச்சு முட்டும்.

பிறகு ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். கெட்டிக்காரி, என்னை அண்ணா என்பாள். நான் எழுதியதையெல்லாம் பிரித்து, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளும்படி திருத்தி எழுதினாள். "இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம் அண்ணா" என்றாள். அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது.

எங்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் 'சரி' போடாமல் எதுவும் வெளியே போகாது. அவள் எழுதியதை நான் படித்தேன். வங்கியின் பதில் தாமதமானால் மோசடி என்று எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரின் கணக்கையே பூட்டிவிடும் ஒரு வரி இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும். "நல்லா பாத்தீங்களா அண்ணா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். 'சரி' போட்டுவிட்டு விடுமுறைக்குக் கிளம்பினேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். கணக்குகள் பூட்டிக்கொள்ளும், பதறிப்போய் என்னைக் கூப்பிடுவார்கள், அந்த ஒரு வரியை மாற்றிக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை காலையில் கணக்குகள் பூட்டிக்கொள்ளத் தொடங்கின. கடலோர விடுதியின் பால்கனியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. "அண்ணா முதல் தடவையா லீவுல போயிருக்கார், தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவள்தான் எல்லோரையும் தடுத்தாளாம். உதவிக்குழுவுக்கு வந்த புகார்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆஸ்பத்திரி கவுன்டரிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார்: பணம் கட்டினால்தான் மகளை உள்ளே சேர்ப்பார்களாம், கணக்கைத் திறந்துவிடுங்கள். திரும்பத் திரும்ப எழுதினார். சாயங்காலத்துக்குப் பிறகு எழுதவில்லை.

"அந்தப் போன வச்சிட்டு சாப்பிட வாங்களேன்" என்றாள் மனைவி. ஏதாவது பிரச்சினையா என்றும் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அழையா விருந்தாளியாகப் போய் நிற்க எனக்குப் பழக்கமில்லை.

அவருடைய குழந்தை இறந்ததை விசாரணையில் நீங்கள் சொன்னபோது, புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். அவள் செய்தது கவனப்பிசகு. நான் தெரிந்தே 'சரி' போட்டேன், தெரிந்தே காத்திருந்தேன். கடைசியில் அன்று இரவுக்குள் அவளே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டாள்.

என் போன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. நான் இங்கே வந்ததிலிருந்து அது அடிக்கவேயில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும், கொஞ்சம் பாருங்களேன்.