ஏழு வாரம் தள்ளிப்போட்ட வேலை

எழுந்ததும் படுக்கையை மடித்து வைத்துவிட வேண்டும், ஐயா. நாளின் முதல் வேலை முடிந்த திருப்தி அப்போதே கிடைத்துவிடும். உங்கள் காவலில் இருந்த இந்த இரண்டு நாளும், கொடுத்த போர்வையை மூலைக்கு மூலை சேர்த்துத்தான் மடித்தேன். பக்கத்தில் படுத்திருந்தவன் தன்னுடையதைச் சுருட்டிக் காலால் தள்ளிவிட்டான். அதையும் நானே மடித்து வைத்தேன்.

பதினாறு வருடமாக அந்தக் குளிர்பதனக் கிடங்குக்கு நான்தான் பொறுப்பாளர். காலையில் ஒரு தாளில் ஆறு வேலைகள் எழுதுவேன், கசப்பானது முதலில். மேசைக் கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிடம் திருகி வைப்பேன். அது அடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். கைபேசி டிராயருக்குள் கிடக்கும். ஆட்கள் எனக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இறந்துபோனவர் என் தங்கை கணவர். கிடங்கில் பழுது பார்க்கும் வேலை, நான் வாங்கிக் கொடுத்ததுதான். நல்ல கைவேலைக்காரர், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது, "நாளைக்குப் பார்த்துக்கலாம் மச்சான்." ஒன்றே செய், நன்றே செய், அதுவும் இன்றே செய் என்று படித்து வளர்ந்தவன் நான். ஒரு வேலையை ஊறப்போடுகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பெரிய குளிர் அறையின் கதவுக்கு உட்பக்கம் ஒரு குமிழ் உண்டு. உள்ளே இருப்பவர் அதைத் தள்ளினால் வெளித்தாழ்ப்பாள் விடுபடும். அது உடைந்துபோனது. புதுக் குமிழ் மறுநாளே வந்துவிட்டது. நான்கு திருகு, அரை மணி நேர வேலை. அதுவரைக்கும் என்று கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வந்தார்கள். கட்டை இருக்கிற தைரியத்தில் குமிழை எல்லோரும் மறந்தார்கள். ஏழு வாரம் போயிற்று.

வேலைப் பலகை ஒன்று வைத்திருந்தேன். ஒரு வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. குமிழுக்கு நேரே நாற்பத்தொரு புள்ளி சேர்ந்திருந்தது. அவர் எல்லோர் முன்னாலும் அதைப் பார்த்துவிட்டு, "பலகைக்கு அம்மை போட்டிருச்சு மச்சான், ரெண்டு நாள் லீவு குடுங்க" என்றார். மூட்டை இறக்குபவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். பதினாறு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் யாரும் அங்கே சிரித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிடும்போது அவருக்கு நேரத்தின் அருமையை எடுத்துச் சொன்னேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். தங்கைதான் குறுக்கே பேசினாள்.

"இத்தனை நேரத்தையும் மிச்சம் புடிச்சு யாருக்குண்ணே குடுக்கப் போற?"

"விடும்மா, மச்சான் நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்று அவர் எனக்காகப் பரிந்து பேசினார். அது அவள் சொன்னதைவிட மோசமாக இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஐயா. அது என் பட்டியலில் எப்போதும் ஏழாவதாகவே இருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் திருப்புளியோடு வந்து நின்றார்.

"இன்னைக்கு முடிச்சிடறேன் மச்சான். நாலு மணிக்குப் பாப்பாவுக்குக் கண்ணாடி வாங்கப் போகணும். அதையும் ரொம்ப நாளா இழுத்துட்டேன்."

"போனை டிராயர்ல போட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை. கவனம் சிதறும்."

"உத்தரவு, மணிக்கூண்டு" என்று சிரித்துக்கொண்டே போட்டார். அந்தப் பெயரை என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இரண்டு மணிக்கு என் நான்காவது வேலை, கதவுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பது. பெரிய அறையின் இடுக்கில் கட்டை இருந்தது. உள்ளே திருகு இறுகும் சத்தம் கேட்டது. கட்டையைக் காலால் நகர்த்தினேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கால் தடுக்கியது என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய்.

"மச்சான், விளையாடாதீங்க" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. வீட்டில் குழந்தையோடு ஒளிந்து விளையாடுகிறவர் அல்லவா.

இருபத்தைந்து நிமிடம் உள்ளே இருந்து, நேரம் என்றால் என்னவென்று தெரியட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். வந்து உட்கார்ந்து கடிகாரத்தைத் திருகினேன். அடுத்த மாதத்துக்கு யார் யாருக்கு எந்த நேர வேலை என்று எழுத வேண்டியிருந்தது. கடிகாரம் அடித்தபோது எழுந்தேன். அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மறுபடி உட்கார்ந்து திருகினேன். அன்றைக்கு என் கவனம் அப்படிக் கூடியிருந்தது. நாலு மணிக்குப் பிறகு டிராயருக்குள் அவருடைய கைபேசி மூன்று முறை அதிர்ந்தது. தங்கைதான். நான் எடுக்கவில்லை. நாலரைக்குப் பிறகு தட்டும் சத்தம் இல்லை.

ஏழு மணிக்கு ஆறு வேலையும் முடிந்தது. போய்த் திறந்தேன். பட்டாணி அட்டைப்பெட்டிகளைக் கிழித்து உடம்பில் சுற்றிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தார். குமிழ் இரண்டு திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிவரை மாட்டத்தான் பார்த்திருக்கிறார். விரல் விறைத்துப்போனால் திருகு கையில் நிற்காது. ஒன்று தரையில் கிடந்தது. மற்றது அவர் உள்ளங்கையில் இருந்தது, விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மீதி இரண்டையும் நான் மாட்டினேன். தள்ளிப் பார்த்தேன், தாழ்ப்பாள் வெண்ணெய்போல் வழுக்கி விடுபட்டது. பலகையில் அந்த வேலையை அடித்துவிட்டு அதன்பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன், பழுதான அறையில் மாட்டிக்கொண்டார் என்று.

திங்கட்கிழமை நீங்களே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குமிழைத் தள்ளி வெளியே வந்தீர்கள். "உள்ளேர்ந்து நல்லாத் தொறக்குதேய்யா, அப்புறம் அந்த ஆளு எப்படிச் செத்தாரு?" என்று கேட்டீர்கள். அந்தக் குமிழை அப்படியே தொங்க விட்டிருந்தால் நான் இன்றைக்கு வேலையில் இருந்திருப்பேன். பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை.

நேற்று தங்கை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சாண்ணே?"

கேட்டது என்றேன். அவள் இடுப்பில் இருந்த குழந்தை கண்ணை இடுக்கி இடுக்கி என்னைப் பார்த்தது. மாமா என்று அடையாளம் தெரிந்ததோ என்னவோ. திரும்பிப் போய்விட்டார்கள்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்தேன், ஐயா. நேரம், இடம் எல்லாம் சரியாக இருக்கிறது. கட்டையை எடுத்தது நான், சத்தம் கேட்டும் திறக்காதது நான். கடைசி வரியில் மட்டும் 'பொறாமையால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, 'அவர் வேலையைத் தள்ளிப்போட்டதால்' என்று போடுங்கள். உடனே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறேன்.